திரையின் நிறமும் ஒரு மாயக்கலைஞரின் வாழ்வும்

2024-ஆம் ஆண்டு நமது கழகத்தின் கலைவிழாவுக்குக் காணொளி தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முன்னாள் உறுப்பினர்களின் பழைய புகைப்படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வர வேண்டும். அவற்றுக்கு முன்னால் நம் தோழி ஒருத்தி நின்று கழகத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். இதுதான் திட்டம். துணிக்கடையில் நான்கு மீட்டர் பச்சைத் துணி வாங்கி, விடுதி அறையின் சுவரில் ஒட்டி, அதன்முன் அவளை நிறுத்திப் படம் பிடித்தேன். பின்னணியில் உள்ள ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டினால், கணினி அந்த நிறம் இருக்கும் இடத்தையெல்லாம் கண்ணாடிபோல் ஆக்கிவிடும். பிறகு அந்த இடத்தில் நாம் விரும்பும் படத்தைப் புகுத்திக்கொள்ளலாம். இவ்வளவுதான் வேலை என்று எண்ணியிருந்தேன்.

நான் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அன்று தோழி அணிந்திருந்தது கிளிப்பச்சை நிறத்தில் ஒரு பஞ்சாபி உடை. பச்சையை நீக்கும்படி கணினிக்குக் கட்டளையிட்டதும் சுவர்த் துணி மறைந்தது. அதோடு அவளுடைய உடையும் மறைந்தது. பழைய புகைப்படங்களுக்கு நடுவே ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் மிதந்துகொண்டு கழகத்தின் வரலாற்றைச் சொல்லின. அறையில் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது அதிகாலை மணி இரண்டு. விழாவுக்கு மூன்றே நாள்கள் இருந்தன.

அறையில் இருந்த மூத்த மாணவி ஒருவர், இப்படித் தலையை மட்டும் மிதக்க வைப்பதை நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் வேண்டுமென்றே செய்து புகழ்பெற்றார் என்று சொன்னார். சோர்வைப் போக்கிக்கொள்ள அவரைப் பற்றித் தேடத் தொடங்கினேன். விடியும்வரை படித்தேன். அவர்தான் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜோர்ஜ் மெலியெஸ். அவருடைய வாழ்க்கையை இங்கே என் சொற்களில் சொல்ல விரும்புகிறேன். அது என் வீட்டோடும் எப்படித் தொடர்புகொண்டது என்பதைக் கட்டுரையின் இறுதியில் நீங்கள் அறிவீர்கள்.

மெலியெஸ் 1861-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை காலணித் தொழிற்சாலை நடத்திச் செல்வம் சேர்த்தவர். தாயார் ஹாலந்து நாட்டுப் பெண்மணி. மூன்று ஆண் பிள்ளைகளில் மெலியெஸ்தான் கடைக்குட்டி. பள்ளிப் பருவத்திலேயே பாடநூல்களின் ஓரங்களில் ஓவியம் வரைவதும் அட்டையில் பொம்மை அரங்கு செய்வதுமாக இருந்தவர். தந்தைக்கோ மூன்று பிள்ளைகளும் காலணித் தொழிலைத் தொடர வேண்டும் என்பதுதான் ஆசை. நம் வீடுகளில் நடப்பதுதான் அங்கும் நடந்தது.

1884-இல் அவரை இலண்டனுக்கு அனுப்பினார்கள். ஆங்கிலமும் வணிகமும் கற்றுத் திரும்புவார் என்று எதிர்பார்த்தார்கள். மொழி முழுமையாக வசப்படாத ஊரில், பேச்சு அதிகம் தேவைப்படாத இடத்தைத் தேடி அவர் சென்றது எகிப்திய மண்டபம் எனும் மாயவித்தை அரங்குக்கு. அங்கு மாஸ்கலைன் என்ற புகழ்பெற்ற மாயவித்தைக்காரரின் நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாரிசுக்குத் திரும்பியபோது அவர் மனத்தில் காலணி இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டு தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற முதல் ஆண்டில், வகுப்பில் பேசுவது பாதி புரியாமல் ஓவிய அறையிலேயே ஓய்வு நேரத்தைக் கழித்தவள் நான். ஆகவே இந்தப் பகுதியைப் படித்தபோது அவர் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

1888-இல் தந்தை தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். மெலியெஸ் தம்முடைய பங்கை அண்ணன்மார் இருவருக்கும் விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ரொபேர் ஹூடன் அரங்கை வாங்கினார். அது மாயவித்தைக்கென்றே பெயர்பெற்ற சிறிய அரங்கு. அதில் அவரே வித்தைகளை உருவாக்கினார், அவரே திரைச்சீலைகளை வரைந்தார், அவரே மேடையேறினார்.

1895-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் லூமியேர் குடும்பத்தினர் பாரிசில் உள்ள கிராண்ட் கஃபே உணவகத்தில் அசையும் படத்தைத் திரையிட்டுக் காட்டினார்கள். அழைக்கப்பட்டவர்களுள் மெலியெஸும் ஒருவர். படம் அசைந்ததும் அவர் வாயடைத்துப் போனார். அங்கேயே அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார். பத்தாயிரம் பிராங்குவரை தரத் தயாராக இருந்தார். சகோதரர்களின் தந்தையான அந்துவான் லூமியேர் விற்க மறுத்துவிட்டார். மெலியெஸ் மனந்தளரவில்லை. இலண்டனில் ரொபர்ட் போல் என்பவர் செய்த படம் காட்டும் கருவியை வாங்கி வந்து, அதைப் பிரித்து ஆராய்ந்து, படம் பிடிக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார். 1896-இல் அவருடைய முதல் படங்கள் வெளிவந்தன.

அதே ஆண்டில் ஒரு பெண்ணை நாற்காலியில் அமர்த்தித் துணியால் மூடி மறையச் செய்யும் படம் ஒன்றை எடுத்தார். மேடையில் இந்த வித்தைக்குத் தரையில் ஒரு கதவு வேண்டும். படத்தில் அது தேவைப்படவில்லை. கருவியை நிறுத்தினார். பெண் எழுந்து சென்றாள். மீண்டும் கருவியைச் சுழற்றினார். பார்ப்பவர் கண்ணுக்கு அவள் காற்றில் கரைந்துவிட்டாள். அந்தப் பெண்ணாக நடித்தவர் ஷெஹான் தால்சி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1897-இல் பாரிசை அடுத்த மொந்த்ராய் எனும் ஊரில், தம் குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டத்தில், கண்ணாடிக் கூரையும் கண்ணாடிச் சுவரும் கொண்ட ஒரு படப்பிடிப்புக் கூடத்தைக் கட்டினார். மின்விளக்கில் படம் பிடிப்பது அரிதாக இருந்த காலம் அது. சூரியன்தான் விளக்கு. கண்ணாடியின் பெரும்பகுதி வெளிச்சத்தைப் பரப்பும் மங்கிய கண்ணாடி. மேடையின் அளவோ அவருடைய பாரிஸ் அரங்கின் மேடையை ஒத்திருந்தது.

இப்போது நான் தேடிச் சென்ற மிதக்கும் தலைக்கு வருகிறேன். 1898-இல் மெலியெஸ் ஒரு நிமிடம் ஓடும் படம் ஒன்றை எடுத்தார். அதில் அவர் தம் தலையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். அவர் கழுத்தில் புதிய தலை முளைக்கிறது. அதையும் கழற்றி வைக்கிறார். இப்படி மூன்று தலைகள் மேசைகளில் அமர்ந்து, நான்காவது தலையோடு நிற்கும் மெலியெஸுடன் சேர்ந்து பாடுகின்றன. அவற்றின் சத்தம் தாங்காமல் இசைக்கருவியால் இரண்டு தலைகளை அடித்து மறையச் செய்கிறார். படம் பார்த்து நான் சிரித்தேன். பிறகு எப்படிச் செய்திருப்பார் என்று சிந்தித்தேன்.

விடை பின்னணியின் நிறத்தில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் இருந்தது கறுப்புத் திரை. படச்சுருள் வெளிச்சம் பட்ட இடத்தில்தான் உருவத்தைப் பதிவு செய்யும். கறுப்பிலிருந்து வெளிச்சம் வராது. ஆகவே கறுப்புத் திரை விழுந்த இடம் படச்சுருளில் எழுதப்படாத தாள்போல் அப்படியே இருக்கும். மெலியெஸ் ஒருமுறை படம் பிடித்துவிட்டு, சுருளை இருட்டில் பின்னோக்கிச் சுற்றி, உடலைக் கறுப்புத் துணியால் மூடித் தலையை மட்டும் வெளியே காட்டி, அதே சுருளில் மறுபடி படம் பிடித்தார். முன்பு காலியாக இருந்த இடத்தில் இப்போது தலை பதிந்தது. என் தோழியின் பச்சை உடை செய்ததை அவருடைய கறுப்புத் துணி செய்தது. ஒரே வேறுபாடு, அவர் தெரிந்து செய்தார். நான் தெரியாமல் செய்தேன்.

கறுப்புப் பின்னணியில் இருமுறை படம் பிடிக்கும் முறை நிழற்படக்காரர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். அதை அசையும் படத்துக்குக் கொண்டுவந்து அதன் எல்லைவரை சென்று பார்த்தவர் மெலியெஸ். 1900-இல் எடுத்த படமொன்றில் ஏழு நாற்காலிகளில் ஏழு இசைக்கலைஞர்கள் அமர்ந்து வாசிக்கிறார்கள். ஏழு பேரும் மெலியெஸ்தான். ஒரே சுருள் ஏழு முறை கருவிக்குள் சென்று வந்தது. கையால் சுழற்றும் கருவி என்பதால் வேகம் மாறக் கூடாது. எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை எண்ணி எண்ணி மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஏழாவது முறையில் ஒரு தவறு நேர்ந்தால் முந்தைய ஆறு முறையின் உழைப்பும் பாழ். தவறான கட்டளையைக் கணினியில் ஒரு விசையை அழுத்தித் திரும்பப் பெறும் நம் தலைமுறைக்கு அந்த அச்சத்தை உணர்வது கடினம்.

1901-இல் ரப்பர் தலை மனிதர் படத்தை எடுத்தார். ஒரு தலையைத் துருத்தியால் காற்றடித்துப் பெரிதாக்குவதுபோல் காட்சி. உண்மையில் மெலியெஸ் கறுப்புப் பின்னணியில் ஒரு வண்டியில் அமர்ந்து, சரிவான பாதையில் கருவியை நோக்கி மெல்ல இழுத்துவரப்பட்டார். நெருங்க நெருங்கத் தலை பெரிதாகத் தெரிந்தது. தலையின் அடிப்பாகம் மேசையை விட்டு இறங்கித் தெரியாமல் இருக்கவே அந்தச் சரிவு. இன்று மென்பொருளில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குகிறோமே, அதற்காக அவர் தண்டவாளம் போட்டார்.

நிறத்தைப் பற்றிய அவருடைய அறிவு கறுப்போடு நின்றுவிடவில்லை. 1907-இல் தம் தொழில்முறைகளை விளக்கி அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அக்காலப் படச்சுருள் எல்லா நிறங்களையும் நம் கண்ணைப்போல் பார்க்காது. நீலம் வெண்மையாகப் பதியும். சிவப்பும் மஞ்சளும் கருமையாகப் பதியும். அழகான வண்ணத்தில் வரைந்த திரை, படத்தில் அலங்கோலமாகிவிடும். ஆகவே அவர் தம் பின்னணித் திரைகள் அனைத்தையும் சாம்பல் நிறத்தில் மட்டுமே வரைந்தார். வெளிர் சாம்பல் தொடங்கி அடர்ந்த சாம்பல்வரை பல படிநிலைகள். நடிகர்களின் உடையையும் ஒப்பனையையும்கூட அதற்கேற்பவே தேர்ந்தெடுத்தார். நேரில் பார்ப்பவருக்கு உயிரற்றதாகத் தோன்றும் கூடம், திரையில் பார்ப்பவருக்கு மாய உலகமாகத் தோன்றியது. கருவியின் கண்ணால் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் அவர் கண்ட இரகசியம்.

அப்படியானால் வண்ணம்? வண்ணம் பின்னர் வந்தது. பாரிசில் எலிசபெத் துயிலியே எனும் பெண்மணி நடத்திய பட்டறையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொரு சட்டகத்துக்கும் மெல்லிய தூரிகையால் சாயம் தீட்டினார்கள். ஒருவருக்கு ஒரு நிறம். ஒருவர் சிவப்பை முடித்ததும் அடுத்தவர் பச்சையைத் தீட்டுவார். அந்தச் சட்டகம் ஒரு தபால்தலையின் அளவே இருக்கும். ஒரு நொடிக் காட்சிக்குப் பதினாறு சட்டகங்கள் போல் தேவைப்பட்ட காலம் அது. இப்போது நாம் பின்னணி நிறத்தை மாற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தை எண்ணிப் பாருங்கள்.

1902-இல் வெளிவந்த 'நிலவுக்கு ஒரு பயணம்' மெலியெஸின் புகழை உலகெங்கும் பரப்பியது. நிலவின் கண்ணில் குண்டு வடிவ விண்கலம் குத்தி நிற்கும் அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. முப்பது காட்சிகளைக் கொண்ட அப்படத்துக்குச் சுமார் பத்தாயிரம் பிராங்கு செலவானது. லூமியேரிடம் கருவிக்காகக் கொடுக்க நினைத்த அதே தொகை. ஆனால் அமெரிக்க நிறுவனங்கள் படத்தைக் களவாகப் படியெடுத்து விற்றன. உழைத்தவருக்கு அங்கிருந்து வரவேண்டிய வருமானம் வரவில்லை. தம் உரிமையைக் காக்க, 1903-இல் அண்ணன் கஸ்தோனை நியூயார்க்கிற்கு அனுப்பி அலுவலகம் திறந்தார். இந்த கஸ்தோன்தான் 1912, 1913-ஆம் ஆண்டுகளில் பசிபிக் தீவுகளிலும் ஆசியாவிலும் படம் பிடித்தபடி பயணம் செய்து, சிங்கப்பூர் வழியாகவும் சென்றவர். அப்பயணத்தில் எடுத்த படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை.

உயரப் பறந்தவருக்கு இறங்குமுகம் விரைவாகவே வந்தது. இரசிகர்கள் நீண்ட கதைகளையும் வெளிப்புறக் காட்சிகளையும் விரும்பத் தொடங்கினார்கள். மெலியெஸோ மேடையை நேருக்கு நேராகப் பார்க்கும் தம் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. படத் தொழில் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போனது. பத்தே நிறுவனத்திடம் கடன் வாங்கி 1911-இலும் 1912-இலும் எடுத்த படங்கள் பணத்தை மீட்டுத் தரவில்லை. 1913-இல் அவருடைய மனைவி காலமானார். அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. 1917-இல் மொந்த்ராயில் இருந்த அவருடைய கூடம் ஒன்று காயமடைந்த வீரர்களுக்கு மருத்துவமனையாக்கப்பட்டது. போர்க்காலத்தில் அவருடைய படச்சுருள்களில் நூற்றுக்கணக்கானவை உருக்கப்பட்டு, அவற்றில் இருந்த வெள்ளியும் செல்லுலாய்டும் பிரித்தெடுக்கப்பட்டன. அந்தச் செல்லுலாய்டு படைவீரர்களின் காலணிக் குதிகாலாக மாறியதாகக் கூறுவர். காலணித் தொழிலை உதறிவிட்டுப் படம் எடுக்க வந்தவரின் படங்கள் காலணியாகிப் போயின.

1923-ஆம் ஆண்டு அவர் வாழ்வின் மிகக் கொடிய ஆண்டு. சாலை விரிவாக்கத்துக்காக ரொபேர் ஹூடன் அரங்கு இடிக்கப்பட்டது. கடனை அடைக்க மொந்த்ராய் சொத்தும் கைமாறியது. வெளியேற வேண்டிய நேரத்தில், அங்கு அடுக்கி வைத்திருந்த தம் மூலப் படச்சுருள்களை அவர் என்ன செய்வது? வைக்க இடமில்லை. வாங்க ஆளில்லை. கோபமும் விரக்தியும் ஒன்றுசேர, அத்தனையையும் தீயிட்டு எரித்துவிட்டார். அக்காலப் படச்சுருள் நைட்ரேட் வகை, பஞ்சுபோல் பற்றிக்கொள்ளும். சுமார் 520 படங்கள் எடுத்த மனிதர் தம் கையாலேயே தம் வாழ்நாள் உழைப்பைச் சாம்பலாக்கினார்.

1925-இல் மெலியெஸ் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் வேறு யாருமல்லர், 1896-இல் அவர் துணியால் மூடி மறையச் செய்த அதே ஷெஹான் தால்சிதான். மொன்பார்னாஸ் இரயில் நிலையத்தில் ஒரு சிறிய கடையில் இருவரும் விளையாட்டுப் பொருள்களும் மிட்டாயும் விற்றார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கான பயணிகள் அவரைக் கடந்து சென்றார்கள். நிலவுக்கு முதலில் வழிகாட்டியவர் அவர்தான் என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? திரையில் மறைந்து தோன்றியவர், உண்மையிலேயே பின்னணியோடு பின்னணியாகக் கரைந்துபோனார்.

நல்லவேளையாக, ஒரு திரைப்பட இதழின் ஆசிரியரான லெயோன் துருவோ அவரைக் கடையில் அடையாளம் கண்டுகொண்டார். செய்தி பரவியது. தேடியதில் சில பழைய சுருள்கள் கிடைத்தன. 1929-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பாரிசின் புகழ்பெற்ற பிளேயெல் மண்டபத்தில் அவருக்குப் பெரும் பாராட்டுவிழா எடுத்தார்கள். 1931-இல் பிரான்சு நாட்டின் உயரிய விருதான லெஜியோன் தொன்னர் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதை அணிவித்தவர் லூயி லூமியேர். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கருவியை விற்க மறுத்தவரின் மகன். விருது கிடைத்தாலும் வறுமை தீரவில்லை. 1932-இல் ஓர்லி எனும் ஊரில் திரைத்துறையினருக்கான முதியோர் இல்லத்தில் மனைவியோடும் பேத்தியோடும் தங்க இடம் கிடைத்தது. 1938-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் புற்றுநோயால் அவர் காலமானார். அவருடைய உடல் பாரிசின் பேர் லஷேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

கறுப்புப் பின்னணி அவரோடு மறையவில்லை. பின்னாளில் அது நீலமாகியது. 1940-இல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' படத்தில் லாரி பட்லர் என்பவர் நீலத்திரையைக் கொண்டு பூதத்தையும் மனிதனையும் ஒரே காட்சியில் சேர்த்தார். மனிதத் தோலில் நீலம் குறைவு என்பதே அந்நிறத்தைத் தேர்ந்தெடுத்த காரணம். இலக்கவியல் கருவிகள் வந்தபின் பச்சை முன்னுக்கு வந்தது. அக்கருவிகளின் உணரியில் பச்சையைப் படிக்கும் புள்ளிகள் மற்ற நிறங்களுக்கு இருப்பதைப்போல் இருமடங்கு. ஆகவே பச்சைதான் துல்லியமாகப் பிரியும். நிறம் மாறினாலும் தத்துவம் மெலியெஸுடையதே. முன்னால் நிற்பவரிடம் இல்லாத நிறத்தைப் பின்னால் வை என்பதுதான் அது.

அந்தத் தத்துவத்தை எனக்கு முதலில் சொன்னவர் மெலியெஸ் அல்லர், என் அப்பா. தெலுக் இந்தானில் ஒரு சிறிய புகைப்படக் கடை வைத்திருந்தார். கடையின் பின்னறையில் நீலம், வெள்ளை, அருவி வரைந்தது என்று மூன்று திரைகள் இருக்கும். வருகிறவரின் உடையைப் பார்த்த பிறகுதான் அப்பா திரையை இறக்குவார். வேட்டி சட்டையில் வரும் தாத்தாக்களையும் வெள்ளைச் சீருடையில் வரும் பள்ளிப் பிள்ளைகளையும் வெள்ளைத் திரைமுன் நிறுத்தமாட்டார். தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது என்பார். ஆளைத் திரையோடு ஒட்டி நிற்கவிடாமல் இரண்டடி முன்னே வரச் சொல்வார். திரையின் நிறம் கன்னத்தில் தெறிக்கும் என்பார். சிறுமியாக இருந்தபோது இதையெல்லாம் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். பச்சைத் துணியின்முன் பச்சை உடையில் தோழியை நிறுத்தியபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

கைப்பேசி எல்லார் கையிலும் வந்தபின் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. 2022-ஆம் ஆண்டு இறுதியில் அப்பா கடையை மூடினார். பிஸ்கட் டின்களில் அடைத்து வைத்திருந்த நெகட்டிவ்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மொத்தம் பதினொரு டின்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் ஆண்டு எழுதியிருக்கும். சில டின்களைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். 2024 மார்ச் விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, இவற்றை என்ன செய்யலாம் என்று அப்பா என்னிடம் கேட்டார். நான் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, யாருக்கு வேண்டும், எரித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

மெலியெஸ் தம் படச்சுருள்களை எரித்த பகுதியைப் படித்தபோது விடிகாலை ஐந்தரை மணி. எழுந்துபோய் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அந்நேரத்தில் அழைத்ததால் அம்மா பதறிப்போனார். டின்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். மூன்று டின்கள் போய்விட்டன. புகை நாற்றம் அண்டை வீட்டுக்குப் போகிறது என்று அப்பா அதோடு நிறுத்திவிட்டார். எட்டு டின்கள் இருக்கின்றன என்று தெரிந்தது. தொடவேண்டாம் என்று சொன்னேன். பிறகு அப்பாவிடமே கேட்டு, நீல நிறத் துணி வாங்கி, தோழியை இரண்டடி முன்னே நிறுத்தி, புதிதாகப் படம் பிடித்தேன். உடையும் தங்கியது, தலையும் உடம்பில் நின்றது. விழாவில் காணொளி நல்லபடி ஓடியது.

கதை இதோடு முடிந்திருந்தால் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, எங்கள் ஊருக்கு அருகில் முன்பு தோட்டத்தில் வேலை செய்த ஓர் அம்மா அப்பாவைத் தேடி வந்தார். அவருடைய மகன் இளவயதில் விபத்தில் இறந்துவிட்டவர். வீட்டில் வெள்ளம் புகுந்ததில் இருந்த ஒரே படமும் அழிந்துவிட்டதாம். ஆறாம் ஆண்டு முடித்தபோது அப்பாவின் கடையில்தான் மகனைப் படம் பிடித்ததாகச் சொன்னார். நீலத் திரை, வெள்ளைச் சட்டை என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. அப்பா இரண்டு நாள் எட்டு டின்களையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினார். நானும் தேடினேன். அந்த ஆண்டு எழுதிய டின் அவற்றில் இல்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. அந்த அம்மாவிடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். யார் எரிக்கச் சொன்னது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில்தான் சொல்கிறேன்.

மெலியெஸின் 520 படங்களில் இருநூறுக்கும் சற்று மேற்பட்டவை மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. அவர் வைத்திருந்ததால் அவை எஞ்சவில்லை. யாரோ சிலர் தங்கள் பரணிலும் பெட்டியிலும் தூக்கி எறியாமல் விட்டதால் எஞ்சின. கையால் வண்ணம் தீட்டிய 'நிலவுக்கு ஒரு பயணம்' படத்தின் பிரதி ஒன்று 1993-இல் பார்சிலோனாவில் கண்டெடுக்கப்பட்டது. சுருள் இறுகிக் கட்டியாகிப் போயிருந்தது. அதைச் சிறிது சிறிதாகப் பிரித்து, 13,375 சட்டகங்களையும் ஒவ்வொன்றாகச் சீர்செய்து, 2011-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் வண்ணத்தோடு திரையிட்டார்கள். மெலியெஸ் இறந்து எழுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அது நடந்தது.

இப்போது ஒவ்வொரு விடுமுறையிலும் நானும் அப்பாவும் ஒரு டின்னைத் திறக்கிறோம். நெகட்டிவை ஒளிப்பலகைமேல் வைத்துப் படமெடுத்து, கணினியில் நிறங்களைத் தலைகீழாக்கி, பின்னணியின் நீலம் அப்பா நினைவில் வைத்திருக்கும் நீலமாகும்வரை சரிசெய்கிறோம். அதில் மட்டும் அவர் சமரசம் செய்துகொள்வதில்லை. மூன்று டின்கள் முடிந்துவிட்டன. ஐந்து மீதமிருக்கின்றன.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அலமாரிக்கு மேலும் இப்படியொரு டின் இருக்கலாம். உங்கள் பெற்றோர் அதை என்ன செய்வது என்று உங்களிடம் ஒருநாள் கேட்கலாம். அப்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.